ஒழுங்கில்லாத அடிமண்ணில் எஸ் அலை தேய்கிறதா, சிதறுகிறதா? (மியான்மரின் யாங்கூன், மாண்டலே, பெகு மண்ணை வைத்து ஒரு கேள்வி)

போர்ஹோல்_தம்பி (யாங்கூன்)

எல்லோருக்கும் வணக்கம். மண் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். பாசுண்டாங் ஓடைப் பக்கம் எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றுக்கு சாயில் டெஸ்ட் முடித்திருக்கிறோம். ஒரே மனையில் மூன்று போர்ஹோல், அதாவது அடிமண்ணைப் பார்க்கத் துளையிட்ட குழிகள். முதல் குழியில் ஆறு மீட்டர் களிமண், அதற்குக் கீழே மணல். இரண்டாவதில் களி பதினோரு மீட்டர் வரை இறங்குகிறது, நடுவில் மக்கிய மரமும் இலையுமாக ஒரு கறுப்புப் படுகை. மூன்றாவதில் மூன்றாம் மீட்டரிலேயே மணல் வந்துவிட்டது, பிறகு மறுபடியும் களி. குழிக்குக் குழி இருபது மீட்டர் கூட இல்லை.

டிசைன் செய்கிறவர்கள் ஒரே ஒரு மண் தூண் கேட்கிறார்கள். அடுக்குகளை எல்லாம் தட்டையாக வைத்து, நிலநடுக்கத்தில் வரும் எஸ் அலையைக் கீழிருந்து அனுப்பி, மேலே எவ்வளவு குலுங்குகிறது என்று மென்பொருளில் பார்ப்பார்கள். சின்னக் குலுக்கலுக்கு ஆய்வகத்தில் கிடைக்கும் டேம்பிங், அதாவது ஆட்டத்தின் ஆற்றலை மண் உறிஞ்சும் அளவு, 1 சதவீதம்தான். என் மேலாளர் "அதை 3 ஆக்கிவிடு, வெளியில் மண் ஒழுங்காக இருக்காது" என்கிறார். மண் துகளிடம் இல்லாத டேம்பிங் எங்கிருந்து வரும்? அப்படியே வந்தாலும், அடிமண் தாறுமாறாக இருப்பது நமக்கு நல்லது என்று ஆகிவிடாதா?

ஓய்வு_வாத்தியார் (மாண்டலே)

தம்பி, அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

எஸ் அலை மண்ணைப் பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. வழியில் அது வலுக் குறைய இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. தூரம் போகப் போகப் பரவி மெலிவது வேறு, அதை இங்கே விட்டுவிடுவோம். ஒன்று, துகளோடு துகள் உரசி, இடையிலிருக்கும் நீர் அசைந்து, ஆற்றல் வெப்பமாகப் போவது. அது போனால் போனதுதான். இரண்டாவது சிதறல். அலை ஓர் அடுக்கிலிருந்து வேறு இறுக்கமுள்ள அடுக்குக்குள் நுழையும்போது ஒரு பங்கு திரும்புகிறது. மணல் திட்டு, களிக் கட்டி, பழைய ஓடைத்தடம் என்று குறுக்கே ஏதாவது வந்தால் நாலா பக்கமும் தெறிக்கிறது. இதில் ஆற்றல் அழிவதில்லை, திசையும் நேரமும்தான் மாறுகின்றன. பீலிக்கான் திருவிழா முடிந்து கூட்டம் கலைவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் ஒரே சாலையில் சேர்ந்து வந்தால் ஒரு கூட்டம். சந்து சந்தாகப் புகுந்து வந்தால் யாரும் காணாமல் போவதில்லை, ஒன்றாக வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

உன் ஆய்வகம் அளப்பது முதல் காரணத்தை மட்டும். சாம்பிள் எவ்வளவு பெரிது? டியூபிலிருந்து எடுத்த ஏழு சென்டிமீட்டர் குறுக்களவு உருளை. இரண்டாவது குழியில் நீ பார்த்த கறுப்புப் படுகை அந்த உருளைக்குள் அடங்குமா? அடங்காத ஒன்றை அந்தச் சோதனை எப்படிச் சொல்லும்? ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கிணறு போலத் துளையிட்டு, ஆழத்தில் ஒரு கருவி, தரையில் ஒரு கருவி என்று வைத்துப் பல ஆண்டுகளாக நிலநடுக்கங்களைப் பதிவு செய்கிறார்கள். கீழே பதிவானதை வைத்து மேலே பதிவானதைக் கணக்கில் கொண்டுவர முயன்றால், ஆய்வக டேம்பிங் போதவில்லை, இரண்டு மூன்று மடங்கு வைத்தால்தான் பொருந்துகிறது என்று பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். உன் மேலாளரின் 3 சதவீதம் அந்த வழியில் வந்ததாக இருக்கும்.

எண்ணெய் தேடுகிறவர்களுக்கு இது பழைய செய்தி. 1971இல் ஓடோஹர்ட்டி, ஆன்ஸ்டி என்ற இருவர், மெல்லிய அடுக்குகள் மாறி மாறி இருந்தாலே அலை தேய்ந்ததுபோல் தோன்றும் என்று காட்டினார்கள். அடுக்கில் துளி உராய்வு இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

கொத்தனார்_மகன் (பெகு)

வாத்தியார் ஐயா, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். சின்ன வயதிலிருந்து இளமண்ணில் ஆட்டம் அதிகம், பாறையில் குறைவு என்றுதான் கேட்டிருக்கிறோம். இப்போது இளமண்ணில் அலை தேயும் என்கிறீர்கள். எதை நம்பி நான் அஸ்திவாரம் தோண்டுவது?

பாங்காக்_வாசி (பிறந்தது யாங்கூன்)

கொத்தனார் அண்ணே, இரண்டும் சரிதான் என்பதற்கு நான் நேரில் பார்த்த சாட்சி. 2025 மார்ச் 28 அன்று மாண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் வந்ததே, அங்கிருந்து பாங்காக் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். இங்கே வந்தது படபடவென்ற அதிர்வு இல்லை. தலை சுற்றுவதுபோல் மெதுவான ஆட்டம். தரைத்தள வீடுகளில் இருந்த பலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. உயரமான கட்டிடங்களின் மாடி நீச்சல் குளங்களிலிருந்து தண்ணீர் அருவிபோல் கொட்டியது. கட்டிக்கொண்டிருந்த அரசுத் தணிக்கை அலுவலகக் கட்டிடம் சுமார் முப்பது மாடி, அப்படியே சரிந்தது. அந்தக் கட்டிடத்தின் தரம் பற்றித் தனி வழக்கும் விசாரணையும் இருக்கின்றன, மண்ணை மட்டும் பழி சொல்ல முடியாது. ஆனால் ஆட்டம் இவ்வளவு தூரம் வந்ததற்கு மெதுவான அலை வழியில் அதிகம் தேயாததும், இங்கே பெருகியதற்குப் பாங்காக்கின் இளகிய களியும் காரணம்.

ஓய்வு_வாத்தியார் (மாண்டலே)

நல்ல உதாரணம். இதற்கு எண் போட்டால் கொத்தனாருக்கும் தெளிவாகும்.

முப்பது மீட்டர் மண், அதில் எஸ் அலை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். கீழிருந்து மேலே வர 0.15 நொடி. டேம்பிங் 1 சதவீதம் என்றால், நொடிக்குப் பத்து முறை ஆடும் அலை மேலே வரும்போது 91 சதவீதம் மிஞ்சும். 3 சதவீதம் என்றால் 75தான் மிஞ்சும். அதே மண்ணில் நொடிக்கு ஒரு முறை ஆடும் அலையை எடுங்கள். 1 சதவீதத்துக்கு 99, 3 சதவீதத்துக்கு 97. மெதுவான அலைக்குத் தேய்மானம் ஒரு பொருட்டே இல்லை.

பெருக்கம் வேறு கணக்கு. இறுகிய மண்ணிலிருந்து இளகிய மண்ணுக்குள் வரும்போது வேகம் குறைகிறது. அதே ஆற்றலைச் சுமக்க அலை அதிகமாக அசைந்தாக வேண்டும். அதோடு, தரைக்கும் கீழிருக்கும் இறுகிய அடுக்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டு மேலும் கீழும் போய்வருகிறது. அடுக்கின் கனத்தை நான்கால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் அந்த மண்ணின் சொந்த ஆட்ட நேரம் வரும். இருபது மீட்டர், நொடிக்கு 160 மீட்டர் என்றால் அரை நொடி. அந்த நேரத்தோடு ஒத்துப்போகும் ஆட்டம் பெருகும். அதைவிட மிக வேகமான ஆட்டம் தேயும். ஒரே மண் ஒன்றைப் பெருக்கும், இன்னொன்றைக் குறைக்கும். மெக்சிகோ நகரத்தில் 1985 செப்டம்பர் 19 அன்று நடந்ததும் இதுதான். நடுக்கம் பிறந்தது முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால். பழைய ஏரிக் களி இரண்டு நொடி ஆட்டத்தைப் பெருக்கிக் கொடுத்தது, ஆறிலிருந்து பதினைந்து மாடி வரையிலான கட்டிடங்கள் அடிபட்டன.

எண்கணக்கு (மோல்மேன்)

வாத்தியார் சொன்ன இயற்பியலில் எனக்கு மறுப்பில்லை. மறுப்பு "3 ஆக்கிவிடு" என்பதில்தான். டேம்பிங்கைத் தூக்கி வைப்பது ஒரு ஒட்டுத் துணி. சிதறல் எல்லா ஆட்டத்துக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. டேம்பிங் எண் எல்லா ஆட்டத்தையும் குறைக்கிறது. பிரச்சினை அங்கேதான்.

அலைநீளத்தைப் பாருங்கள். நொடிக்கு 200 மீட்டர் போகும் மண்ணில், பத்து ஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்து முறை ஆடும்) அலையின் நீளம் 20 மீட்டர். ஐந்து மீட்டர் மணல் திட்டு அதற்குப் பெரிய தடை, நன்றாகச் சிதறடிக்கும். ஒரு ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 200 மீட்டர். அதற்கு அந்தத் திட்டு இருப்பதே தெரியாது, சராசரி மண்ணாக எடுத்துக்கொண்டு கடந்து போய்விடும்.

தம்பியின் எட்டு மாடியையே எடுப்போம். மாடிக்கு 0.1 நொடி என்ற பழைய கணக்கில் அதன் ஆட்ட நேரம் 0.8 நொடி, அதாவது 1.25 ஹெர்ட்ஸ். களியும் இளமணலுமாகச் சேர்த்து முப்பத்திரண்டு மீட்டர், சராசரி வேகம் நொடிக்கு 160 என்று வைத்தால் மண்ணின் ஆட்ட நேரமும் 0.8 நொடி. ஒத்துப்போகிறது, மோசமான நிலை. அந்த ஆட்டத்தின் அலைநீளம் 128 மீட்டர். மனையில் இருக்கும் மூன்று, நான்கு மீட்டர் திட்டுகள் அதை அசைக்காது. அந்தக் கட்டிடத்துக்கு எந்த ஆட்டம் ஆபத்தோ அதைச் சிதறல் தொடுவதில்லை. மென்பொருளில் 3 என்று போட்டால் மட்டும் அதுவும் குறைந்துவிட்டதாகக் காட்டும்.

எவ்வளவு காட்டும்? கீழே நொடிக்கு 500 மீட்டர் வேகமுள்ள இறுகிய மண் இருக்கிறது என்று வைத்துக் கையாலேயே போட்டுப் பார்த்தேன். 1.25 ஹெர்ட்ஸில் 1 சதவீத டேம்பிங்குக்குப் பெருக்கம் மூன்றரை மடங்கு. 3 சதவீதத்துக்கு 3.1. பத்தில் ஒரு பங்கு சலுகை, காரணமே இல்லாமல். 6.25 ஹெர்ட்ஸில் 2.85 மடங்கு 2 ஆக இறங்குகிறது. இந்த இரண்டாவது குறைப்பு ஓரளவு உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் அங்கே அலைநீளம் 26 மீட்டர்தான். முதலாவதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்று. சிதறிய ஆற்றல் பின்னால் தாமதமாக வருகிறது என்று வாத்தியார் சொன்னாரே, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. உச்சக் குலுக்கல் குறையும், குலுங்கும் நேரம் நீளும். நம் ஊர் மணலுக்கு இது சின்ன விஷயமா? நீர் ஊறிய மணல் கூழாவது உச்சத்தை மட்டும் பொறுத்ததில்லை, எத்தனை சுற்று ஆட்டினார்கள் என்பதையும் பொறுத்தது.

போர்ஹோல்_தம்பி (யாங்கூன்)

அண்ணே, 0.8 நொடி ஒத்துப்போவதை நான் பார்க்கவே இல்லை. உடனே கணக்கை எடுத்துப் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். டேம்பிங்கைத் தொடாமல், வேகத்தைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும், அடுக்கின் கனத்தை மாற்றியும், அறுபது எழுபது மண் தூண் உருவாக்கி எல்லாவற்றையும் ஓட்டிச் சராசரி எடுக்கலாம் என்று ஒரு முறை இருக்கிறதே? அதுதானே ஒழுங்கின்மையை நேராகக் கணக்கில் எடுக்கும் வழி?

எண்கணக்கு (மோல்மேன்)

பரவலாகச் செய்கிறார்கள். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்து செய். ஒவ்வொரு தூணும் தன்னளவில் தட்டை அடுக்குதான். ஒன்றின் உச்சம் 1.1 ஹெர்ட்ஸில், இன்னொன்றின் உச்சம் 1.4இல். சராசரி எடுத்தால் உச்சம் மழுங்கி, அகலமான மேடாகத் தெரியும். பார்ப்பதற்குத் தேய்மானம் போல இருக்கும். ஆனால் எந்தத் தூணிலும் அலை பக்கவாட்டில் சிதறவில்லை. உன் மனையில் இருப்பது எழுபது மண் இல்லை, ஒரே மண். எது என்று தெரியாததால் எழுபது போடுகிறோம். அதனால் சராசரியை மட்டும் அறிக்கையில் கொடுக்காதே, மேல் எல்லையையும் கொடு.

உண்மையான சிதறல் வேண்டுமென்றால் இரு பரிமாணத்தில், மண்ணின் குறுக்குவெட்டையே மென்பொருளில் வரைந்து அலையை அனுப்ப வேண்டும். அதற்குத் திட்டுகள் கிடைமட்டத்தில் எவ்வளவு நீளம், செங்குத்தில் எவ்வளவு கனம் என்பது தெரிந்தாக வேண்டும். ஆற்று வண்டலில் கிடைமட்ட நீளம் எப்போதும் அதிகம், பத்து மடங்கு கூட இருக்கும். மூன்று போர்ஹோலில் அது கிடைக்காது.

மாண்டலே_அக்கா (மாண்டலே)

நான் பொறியாளர் இல்லை, பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். மார்ச் 28க்குப் பிறகு எங்கள் பக்கம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஒரே தெரு, ஒரே மாதிரி வீடு, ஒன்று நிற்கிறது, இன்னொன்று விழுந்தது, ஏன்? ஐராவதிக் கரைப் பக்கம் வயல்களில் மணலும் தண்ணீரும் பீய்ச்சி வெளியே வந்து, சின்னச் சின்ன எரிமலை வாய்போல் வட்டம் வட்டமாகக் கிடந்தன. சில வயல்களில் இருந்தன, பக்கத்து வயலில் இல்லை. அதுவும் இந்த ஒழுங்கில்லாத மண்ணால்தானா?

அமரபுரத்தில் தௌங்தமன் ஏரிப் பக்கம் வேறு மாதிரி, மாண்டலே மலை அடிவாரத்தில் வேறு மாதிரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சகாயிங் குன்றுகள், இந்தப் பக்கம் கிழக்கே ஷான் மேட்டு நிலம் சுவர்போல் நிற்கிறது. நடுவில் நாங்கள் வண்டலின்மேல் இருக்கிறோம்.

ஓய்வு_வாத்தியார் (மாண்டலே)

அம்மா, கடைசியில் சொன்னீர்களே, அதில்தான் பாதி பதில் இருக்கிறது. தம்பியின் மென்பொருள் நினைப்பது, அலை நேர் கீழிருந்து வந்து நேராக மேலே போகிறது என்று. மாண்டலேயில் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் இறுகிய பாறை, நடுவில் வண்டல் நிரம்பிய பள்ளம். பள்ளத்தின் விளிம்பில் புகும் அலை மேற்பரப்பு அலையாக மாறிப் பக்கவாட்டில் ஓடுகிறது, கீழிருந்து நேராக வரும் அலையோடு சில இடங்களில் சேர்ந்துகொள்கிறது. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபேயில் அதிக அழிவு, நடுக்கம் பிறந்த நிலப்பிளவின் நேர் மேலே நடக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, கடற்கரைச் சமவெளியில் ஒரு பட்டையாக நடந்தது. பள்ள விளிம்பில் பிறந்த அலையும் நேராக வந்த அலையும் ஒரே நேரத்தில் சேர்ந்த பட்டை அது.

ஆகவே, ஒழுங்கின்மை சின்ன அளவில் இருந்தால் அலையைக் கலைக்கும். பள்ளம், விளிம்பு, சாய்ந்த பாறை என்று பெரிய அளவில் இருந்தால் அலையை ஓரிடத்தில் சேர்க்கும். "மண் தாறுமாறாக இருப்பது நமக்கு நல்லதா?" என்று தம்பி கேட்டதற்கு என் பதில் இது. திட்டின் அளவு, அலையின் நீளம், நீ நிற்கும் இடம் மூன்றும் தெரியாமல் நல்லது என்று சொல்ல மாட்டேன்.

மணல் பீய்ச்சிய வயலுக்கு வருகிறேன். அங்கே சிதறலைவிட முக்கியம், மணல் எங்கே இளகலாக, நீர்மட்டம் எங்கே மேலாக இருக்கிறது என்பது. ஐராவதி பழைய தடத்தை விட்டு நகர்ந்த இடங்களில் புது மணல் தளர்வாகக் கிடக்கும். பக்கத்து வயல் பழைய கரை மேடாக இருந்தால் அங்கே களி மூடியிருக்கும். இரண்டும் ஒரே குலுக்கலை வாங்கியிருந்தாலும் ஒன்று கூழாகும், மற்றது ஆகாது.

வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. விழுந்த வீட்டையும் நின்ற வீட்டையும் வைத்து மண்ணை மட்டும் எடை போடக்கூடாது. கம்பி எவ்வளவு போட்டார்கள், கீழ்த்தளத்தைக் கடைக்காகத் திறந்து விட்டார்களா, தூணில் வளையக் கம்பி நெருக்கமாக இருந்ததா என்று பார்த்த பிறகுதான் மண்ணுக்கு வர வேண்டும். இந்த ஊரில் 1839இலேயே ஒரு பெரிய நடுக்கம் வந்து ஆவாவும் அமரபுரமும் சிதைந்தன. மிங்குனில் முடிக்காமல் விட்ட பெரிய செங்கல் பகோடாவில் இன்றும் தெரியும் வெடிப்பு அப்போது வந்ததுதான்.

கடைசி_பெஞ்ச் (யாங்கூன்)

இவ்வளவும் எதற்கு? சகாயிங் பிளவு நகர்ந்தால் எல்லாம் போகும். 1 சதவீதமா 3 சதவீதமா என்று பேசுவதெல்லாம் பெரிய கட்டிடக்காரர்களுக்கு. நமக்கு மூங்கில் வீடுதான் பாதுகாப்பு.

எண்கணக்கு (மோல்மேன்)

மூங்கில் வீடு பாதுகாப்பு என்பதில் பெரும்பாலும் உடன்பாடு. தீ வராத வரை.

ஆனால் பிளவுக்குப் பக்கத்தில் 1, 3 என்ற வாதமே மாறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த எண்கள் சின்னக் குலுக்கலுக்கு. பலமாக உலுக்கும்போது மண் தன் விறைப்பில் பாதியை இழந்துவிடும், துகள் உராய்வின் டேம்பிங் மட்டுமே பத்து சதவீதத்துக்கு மேல் போகும். அதோடு ஒப்பிட்டால் சிதறலின் பங்கு சிறியது. பெகு, நேபிடா போலப் பிளவை ஒட்டிய ஊர்களில் மண்ணின் இந்த நெகிழ்ச்சிதான் பேச்சு. நேபிடாவில் பிளவிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருந்த நிலநடுக்க நிலையம் மார்ச் 28ஐப் பதிவு செய்தது. பிளவுக்கு அவ்வளவு அருகில் கிடைத்த பதிவுகள் மிகக் குறைவு. பிளவு எஸ் அலையைவிட வேகமாகக் கிழிந்து வந்தது என்று சொல்வதற்கு அந்தப் பதிவும் ஒரு முக்கிய ஆதாரம்.

யாங்கூன் நடுவில் இருக்கிறது. பிளவு கிழக்கே சுமார் நாற்பது கிலோமீட்டர். பெரியது வந்தால் நெகிழ்ச்சியும் இருக்கும், நடுத்தரமாக வந்தால் சிதறலும் கணக்கில் வரும். களி எவ்வளவு பசையாக இருக்கிறது என்பதையும் பாருங்கள். பசை அதிகமான களி எளிதில் விறைப்பை இழக்காது, டேம்பிங்கும் ஏறாது. மெக்சிகோ களி அவ்வளவு பெருக்கியதற்கு அது ஒரு காரணம். குலுக்கல் கூடக் கூட விறைப்பும் டேம்பிங்கும் எப்படி மாறும் என்று காட்ட மணலுக்கு உள்ள வளைகோட்டைக் களிக்குப் போட்டால் தேய்மானத்தைக் கூட்டிக் காட்டும். இந்தத் தவறை நான் பார்த்த அறிக்கைகளில் அடிக்கடி கண்டிருக்கிறேன், யார் அறிக்கை என்பது வேண்டாம்.

கொத்தனார்_மகன் (பெகு)

சரி, என் கதைக்கு வாருங்கள். 1930 மே 5 அன்று எங்கள் ஊரில் வந்ததே, ஷ்வேமாடோ பகோடா சரிந்தது, ஊரில் ஐந்நூறு பேர் போல இறந்தார்கள் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்கிறார்கள். ரங்கூனிலும் ஐம்பது பேர் அளவில் போனார்கள். நான் இப்போது மூன்று மாடி வீடு ஒன்று எடுத்திருக்கிறேன். மனைக்காரர் ஒரு போர்ஹோல் போதும் என்கிறார். பக்கத்து மனையில் போட்ட அறிக்கையையே வாங்கி ஒட்டிவிடலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். நான் என்ன கேட்க வேண்டும்?

போர்ஹோல்_தம்பி (யாங்கூன்)

அண்ணே, பக்கத்து மனை அறிக்கை வேண்டவே வேண்டாம். என் மனையில் இருபது மீட்டருக்குள் என்ன மாற்றம் பார்த்தீர்கள் அல்லவா?

எங்கள் கட்டிட விதியில் அமெரிக்க முறைப்படி மண்ணை வகை பிரிக்கிறோம். மேல் முப்பது மீட்டரின் சராசரி வேகம் நொடிக்கு 180 மீட்டருக்குக் கீழே போனால் ஈ வகை, 180 முதல் 360 வரை டி. வேகம் அளக்காதவர்கள் எஸ்பிடி என் வேல்யூவை (குழாயை மண்ணில் அடித்து இறக்கத் தேவைப்படும் அடிகளின் எண்ணிக்கை) வைத்துப் பிரிப்பார்கள், 15க்குக் கீழே ஈ. ஒரு குழியில் 14 வரும், அடுத்த குழியில் 17 வரும். ஒரே குழி போட்டால் எந்த வகை என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மூன்று மாடிக்கு ஆட்ட நேரம் 0.3 நொடி அளவில் வரும். மண்ணின் ஆட்ட நேரம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஓய்வு_வாத்தியார் (மாண்டலே)

தம்பி சொன்னதோடு ஒன்று. மனையின் நான்கு மூலைக்குப் பதில், பழைய குளம், ஓடை, செங்கல் சூளைப் பள்ளம் எங்கே இருந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு குழியும் வெளியே ஒரு குழியும் போடச் சொல்லுங்கள். ரங்கூனிலும் அப்படித்தான். 1852க்குப் பிறகு ஆங்கிலேயர் நகரத்தின் நடுப்பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரித்தபோது பெரும்பகுதி சதுப்பு, மண் கொட்டி மேடாக்கினார்கள். ஷ்வேடகோன் நிற்கும் குன்று வேறு, ஆற்றோரம் வேறு. ஆங்கிலேயர் கால வரைபடம் ஒன்று கிடைத்தால் மூடிய ஓடைகள் தெரியும். போர்ஹோல் செலவுக்கு முன்னால் இது இலவசம்.

வசதி இருந்தால் மைக்ரோட்ரெமர் கருவி வைக்கச் சொல்லலாம். நிலநடுக்கம் தேவையில்லை, சும்மா இருக்கும்போதே தரை நுண்ணியதாக ஆடிக்கொண்டிருக்கும். கிடைமட்ட ஆட்டத்தைச் செங்குத்து ஆட்டத்தால் வகுத்தால் மண்ணின் ஆட்ட நேரத்தில் ஒரு உச்சம் தெரியும். ஜப்பானியரான நகமுரா 1989இல் இதைப் பரவலாக்கினார். மனையின் பல மூலைகளில் வைத்தால் அடிமண் எங்கே மாறுகிறது என்று அரை நாளில் தெரிந்துவிடும்.

எண்கணக்கு (மோல்மேன்)

மைக்ரோட்ரெமர் ஆட்ட நேரத்தைச் சொல்லும், உச்சத்தின் உயரத்தைப் பெருக்க மடங்காக எடுக்காதீர்கள். வாத்தியார் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் படிப்பவர்கள் எடுத்துவிடுவார்கள். டேம்பிங்கும் அதில் நேராகக் கிடைக்காது.

ஒழுங்கில்லாத மண்ணில் உச்சம் ஒன்றாகக் கூர்மையாக இல்லாமல் அகலமாகவோ இரண்டாகப் பிரிந்தோ வரும். பலர் அதைக் "கெட்ட பதிவு" என்று தூக்கிப் போடுகிறார்கள். எனக்கு அதுதான் பயனுள்ள பதிவு. அடிமண் சாய்ந்திருக்கிறது, தட்டையாகக் கணக்குப் போடாதே என்று சொல்கிறது.

மாண்டலே_அக்கா (மாண்டலே)

இங்லே ஏரியில் தண்ணீர்மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள் வரிசையாகச் சாய்ந்தனவே, அது ஏரிச் சேற்றின் பெருக்கமா, கால்கள் நழுவியதா?

ஓய்வு_வாத்தியார் (மாண்டலே)

இரண்டும் சேர்ந்திருக்கும் அம்மா. ஏரியடியில் இளகிய சேறு மெதுவான ஆட்டத்தைப் பெருக்கும். கால்களோ ஆழமாகப் போகாமல் அதே சேற்றில் நிற்கின்றன. அங்கே சிதறலைத் தேடுவதில் அர்த்தமில்லை. சேறு ஒரே மாதிரி இருந்தால் அலையைக் கலைக்க எதுவும் இல்லை, முழுசாக மேலே வந்துவிடும்.

போர்ஹோல்_தம்பி (யாங்கூன்)

எல்லோருக்கும் நன்றி. அலுவலகத்தில் பேசிவிட்டு வந்தேன். மேலாளர் முதலில் முறைத்தார். 0.8 நொடி ஒத்துப்போவதைக் காட்டியதும் உட்கார்ந்து கேட்டார். இப்போதைக்கு முடிவு இது: டேம்பிங்கை ஆய்வக அளவிலேயே வைக்கிறோம். மூன்று போர்ஹோலுக்கும் மூன்று தனித் தூண், சராசரி எடுக்காமல் மூன்று விடையையும் கொடுக்கிறோம். 3 சதவீதக் கணக்கைத் தனியாக ஓட்டி, நான்கு ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் ஒப்பிட்டுக் காட்டுவோம், கட்டிடத்தின் 0.8 நொடி ஆட்டத்துக்கு அதை எடுக்க மாட்டோம். களிக்கு மணல் வளைகோடு போட்டிருந்ததையும் மாற்றுகிறேன். மேற்பரப்பு அலையை வைத்து வேகம் அளக்கும் எம்ஏஎஸ்டபிள்யூ கோடு ஒன்று போடவும் சம்மதம் கிடைத்திருக்கிறது.

எண்கணக்கு (மோல்மேன்)

நான்கு ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது?

போர்ஹோல்_தம்பி (யாங்கூன்)

நொடிக்கு 160 மீட்டருக்கு நான்கு ஹெர்ட்ஸில் அலைநீளம் 40 மீட்டர் அண்ணே. எங்கள் திட்டுகள் நான்கு, ஐந்து மீட்டர். அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு வரும்போதுதான் சிதறல் தலைகாட்டும் என்று வைத்துக்கொண்டேன். தோராயம்தான்.

எண்கணக்கு (மோல்மேன்)

தோராயம் என்று அறிக்கையிலும் எழுது. அப்போது எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஓய்வு_வாத்தியார் (மாண்டலே)

எம்ஏஎஸ்டபிள்யூ கோட்டை ஓடைக்கு இணையாக மட்டும் போடாதே தம்பி. இணையாகப் போட்டால் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். பழைய தடம் இருந்தால் குறுக்குக் கோட்டில்தான் அகப்படும்.

போர்ஹோல்_தம்பி (யாங்கூன்)

குறுக்கே போட மனை அகலம் போதாது ஐயா, பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.